சொந்தக் கதைக்கு ஒரு பீரியட்

பயிற்சி வகுப்பு என்றாலே எனக்கு எரிச்சல் முட்டிக்கொண்டு வரும். கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டு, காலையில் பலூன் ஊதச் சொல்வார்கள். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்ட பிறகு, கண்ணை மூடி ஆழமாக மூச்சு விடச் சொல்வார்கள். மூச்சு விட ஆரம்பித்தவர்களில் பாதிப்பேர் அப்படியே தூங்கிவிடுவார்கள். கார்த்திகை மாதம் மதுரையில் நடந்த அப்படி ஒரு பயிற்சிக்கு, கோவில்பட்டியில் நான் வேலை பார்க்கும் மேல்நிலைப் பள்ளியிலிருந்து என்னை அனுப்பினார்கள். தமிழ் டீச்சருக்குத்தான் எப்போதும் வேலை இருக்காது என்பது எல்லாப் பள்ளிகளிலும் உள்ள நம்பிக்கை.

இந்த முறை பலூன் இல்லை. ப்ளஸ் ஒன் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் நடந்த ஏதாவது ஒன்றை வகுப்புக்கு முன்னால் சொல்ல வேண்டும். அதிலிருந்து தான் எதை நம்புகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். ‘நான்’ என்று சொல்லிப் பேச வேண்டும். ஆசிரியர் இடையில் திருத்தக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, நீதி சொல்லி முடிக்கக் கூடாது. கடைசி நிபந்தனைகளை என் வீட்டுக்காரரிடம் விசாரித்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

திரும்பி வந்து தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டார். “சொந்தக் கதை சோகக் கதையெல்லாம் எதுக்கு டீச்சர்? போர்ஷன் முடிஞ்சிட்டா?” ஆனால் பயிற்சிக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது, எதையாவது செய்து காட்டியாக வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கொடுத்தார். அது விளையாட்டு பீரியட். அன்றிலிருந்து கபடி விளையாடும் பையன்கள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை.

முதல் வெள்ளிக்கிழமை, கையில் மாவுக்கட்டோடு இருந்த ஒருவனைத்தான் முதலில் எழுப்பினேன். நல்ல கதை கையிலேயே இருக்கிறதே என்ற தைரியம். அவன் மேடைக்கு வருகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். “அவையோர் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம். நான் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு, தன்னம்பிக்கை” என்று தொடங்கினான்.

“ஏலே, நில்லு. யாருல அவையோர்? மத்தியானம் உன் டப்பால கைய விட்டுத் தின்னானுகளே, அவனுகளா?”

“அப்ப எப்படி டீச்சர் ஆரம்பிக்க?”

“உனக்கு நடந்தது எதையாவது சொல்லு.”

அவன் மாவுக்கட்டைச் சொறிந்துகொண்டே வெகுநேரம் யோசித்தான். “எனக்கு ஒண்ணும் நடக்கலயே டீச்சர்” என்றான்.

பிள்ளைகள் மேல் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் ஒன்றாம் வகுப்பிலேயே பிள்ளையை நாற்காலி மேல் ஏற்றி, சுதந்திர தினத்துக்குப் பேசவைத்துவிடுவோம். பேச்சு என்றால் கையை ஆட்ட வேண்டும், குரல் ஏற வேண்டும், கடைசியில் நன்றி சொல்லி அமர வேண்டும். சொந்த விஷயத்தை அப்படிப் பேச முடியாது. அதைப் பேசுவதற்கு எங்களிடம் வேறு வழி உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த வாரம் ஒரு பெண் என்னைக் காப்பாற்றினாள். அவளுடைய குடும்பம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிறது. அங்கே சாட்சி சொல்வார்கள். தான் முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று சபைக்கு முன்னால் எழுந்து சொல்வது. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. தன் தோழியின் புது சைக்கிளைப் பார்த்துப் பொறாமைப்பட்டதையும், ஆள் இல்லாத நேரம் அதன் காற்றைப் பிடுங்கிவிட்டதையும், தோழி அதைத் தள்ளிக்கொண்டே பின்னால் நடந்து வந்ததையும், தான் ஒன்றும் தெரியாதவளாகக் கூடவே நடந்ததையும் அப்படியே கண்ணில் காட்டினாள். முடித்ததும் பழக்க தோஷத்தில் “அல்லேலூயா” என்றாள். வகுப்பில் பாதிப்பேர் தங்களை அறியாமல் “ஆமென்” என்றார்கள். அதில் நெற்றியில் விபூதி பூசியிருந்தவர்களும் உண்டு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பு முழுக்கச் சாட்சி சொன்னது. ஜவுளிக்கடை பாயின் மகன், தான் கடலை மிட்டாய்க்கு அடிமையாகக் கிடந்ததை உருக்கமாக விவரித்தான். கடைவாய்ப் பல் போன பிறகு திருந்தி, இப்போது எள்ளுருண்டை மட்டும் சாப்பிடுகிறானாம். மாவுக்கட்டுக்காரன் அடுத்த வீட்டு மாமரத்தில் ஏறியதற்காக மனம் வருந்தினான். தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசாத ஒரு பெண், தான் முன்பு டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். அவள் வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்த வீடு. பாவம் செய்ய வாய்ப்பு கிடைக்காத பிள்ளைகள், பக்கத்தில் இருப்பவனிடம் கடன் வாங்கிச் சொன்னார்கள்.

வராந்தாவில் போன தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்று கேட்டார். “என்ன டீச்சர், ஊர்ப் பாவமெல்லாம் நம்ம ப்ளஸ் ஒன்லதான் குடியிருக்கு போல” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. “திருந்தாத ஆள் ஒருத்தராவது இந்த வகுப்புல இருக்கீங்களா?” என்று கத்தினேன். முகம் சுளிக்கக் கூடாது என்ற விதி அன்றோடு போயிற்று.

ஒரே ஒரு பெண் மட்டும் திருந்தவில்லை. பசுவந்தனைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் முறை வரும்போதெல்லாம் வயிற்று வலி என்றாள், தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். ஒருநாள் விடாமல் எழுப்பினேன். “ஒரு ஊரில் ஒரு விவசாயி இருந்தார். அவருக்கு ஒரு மகள்” என்று ஆரம்பித்தாள்.

“யாருட்டி அந்த மக?”

“தெரிஞ்ச பிள்ளை டீச்சர்.”

“தெரிஞ்ச பிள்ளை கதையெல்லாம் வேண்டாம். உன் கதையச் சொல்லு.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த தோழி பக்கம் திரும்பி, ஆனால் எனக்கு நன்றாகக் கேட்கும்படி, “சில வீட்டுல அப்பா பிள்ளைட்ட பேச மாட்டாவ. அதெல்லாம் மைக்கைப் பிடிச்சுச் சொல்ற விஷயமாட்டி?” என்றாள்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. இதுதான் எங்கள் பக்கத்து வழி என்று நான் சொன்னது. ஜாடைப் பேச்சு. முக்கியமான எதையும் உரியவரைப் பார்த்து நேரே சொல்வதில்லை. கோழியைப் பார்த்து, குழந்தையைப் பார்த்து, தெருவில் போகிற யாரையாவது பார்த்து, உரியவர் காதில் விழும்படி சொல்வது. எங்கள் வீட்டிலேயே, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை என்றால் பேச்செல்லாம் குக்கரோடுதான். “இந்தக் குக்கருக்கு மட்டும் நான் வேலைக்குப் போறது கண்ணுல படாது” என்பேன். அவர் டி.வி.க்குப் பதில் சொல்வார். இப்படிப்பட்ட நான், பிள்ளைகளை ‘நான், நான்’ என்று பேசச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள். வேறு யாரும் இல்லாததால் வேறு வழியின்றி என்னைப் பார்த்தே சொன்னாள்.

அவளுடைய அப்பாவுக்கு மானாவாரி நிலம். எங்கள் பக்கத்தில் அதைக் காடு என்போம், மரம் ஒன்றும் இருக்காது. கரிசல் மண்ணில் ஒரு மழை பெய்துவிட்டால் அவ்வளவுதான், கால் வைத்தால் செருப்பு தங்கிவிடும், டிராக்டர் இறங்காது. அதனால் புரட்டாசியில் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். முந்தின இரண்டு வருடமும் அவர் அப்படி விதைத்தார். மழை தள்ளிப்போய், விதையை எறும்பும் கௌதாரியும் தின்று தீர்த்தன. அதனால் இந்தப் புரட்டாசியில் அவள் செல்போனில் வானிலை பார்த்துவிட்டு, “மழை இப்ப இல்லப்பா, பொறுத்து விதைங்க” என்று சொல்லியிருக்கிறாள். அவர் பொறுத்தார். இரண்டாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் விடவே இல்லை. சுற்றிலும் எல்லாக் காட்டிலும் உளுந்து முளைத்து நின்றது, இவர்கள் காட்டில் மட்டும் தண்ணீர் நின்றது.

“போன்ல என்னதான் போட்டிருந்துச்சு?” என்று கேட்டேன்.

“முப்பது சதவீதம்னு போட்டிருந்துச்சு டீச்சர். முப்பத்தஞ்சு எடுத்தாத்தான பாஸ்? மழை ஃபெயிலுன்னு நெனச்சுட்டேன்.”

சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

“விதைக்கு வச்சிருந்த உளுந்துதான் இப்ப எங்க வீட்டுல டெய்லி சோறு. அப்பா அதைத் தின்னுட்டு ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போறாவ. அன்னைலேருந்து எங்கிட்டப் பேச்சே கெடையாது. ஏதாவது சொல்லணும்னா ஆட்டைப் பாத்துச் சொல்லுதாவ. அவிய என்னைத் திட்டணும் டீச்சர். நல்லா ஒரு திட்டு திட்டிட்டாப் போதும்.”

அழவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாள். எனக்குத்தான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

மாசியில் பெற்றோர் கூட்டம் வந்தது. வழக்கமாக மார்க்கைப் படித்துப் பெற்றோரைத் தலைகுனிய வைத்து அனுப்பும் கூட்டம். இந்த முறை பிள்ளைகள் கதை சொல்லட்டும் என்று தலைமையாசிரியர் தாராளமாகச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் தானாக வந்து பேர் கொடுத்தாள். அவளுடைய அப்பாவுக்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். அவரோ பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர், எப்போதும் அம்மாதான் வருவார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. “கடைசியில, செல்போனைவிட அப்பாவோட அனுபவம்தான் பெரிசுன்னு நம்புறேன்னு முடிச்சுரு. அவிய மனசு இளகிரும்” என்றேன்.

“எப்படி டீச்சர்? அனுபவம் பெரிசுன்னா முந்தின ரெண்டு வருசம் கௌதாரி ஏன் தின்னுச்சு?”

“அப்ப என்னதான் நம்புத?”

“அங்கன வந்து சொல்லுதேன்.”

ஆசிரியர் திருத்தக் கூடாது என்று விதி போட்டவர்கள் இந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை, இவளை யார் திருத்த முடியும்?

அப்பாவை எப்படிக் கூப்பிட்டாய் என்று கூட்டத்துக்கு முந்தின நாள் கேட்டேன். ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தபோது, “நாளைக்கு ஸ்கூல்ல கூட்டம், நான் பேசுதேன், வாரவிய வரட்டும்” என்று ஆட்டிடம் சொன்னாளாம். அப்பா கட்டிலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தாராம். ஆடு என்ன சொன்னது என்று நானும் கேட்கவில்லை.

அவர் வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்தார். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் முன்னால் இருந்தார்கள். சைக்கிள் காற்றைப் பிடுங்கிய பெண் சாட்சி சொல்லி, மறக்காமல் அல்லேலூயாவும் சொன்னாள். மாவுக்கட்டு பிரித்துவிட்ட பையன் தன் முழங்கையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான். ஒவ்வொருவருக்கும் கைதட்டினார்கள். நான் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் ஏறினாள். மைக்கைப் பிடித்ததும், “அவையோர் அனைவருக்கும்” என்றாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். பிறகு வீட்டுப் பேச்சில் சொல்ல ஆரம்பித்தாள்.

முப்பது சதவீதத்தைச் சொன்னபோது கூடம் சிரித்தது. அப்பா பொறுத்தார் என்று சொன்னபோது சிரிப்பு குறைந்தது. “பிறந்ததுலேருந்து எங்கப்பா என் பேச்சைக் கேட்டது அன்னைக்கு ஒருநாள்தான். அன்னைக்குப் பாத்து நான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றபோது சுத்தமாக நின்றுவிட்டது. அவர் ஊர்க்காரர்கள் எல்லோரும் கழுத்தைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா என்னை நம்புனது தப்பில்ல. நான் படிச்சுச் சொன்னதுதான் தப்பு. அடுத்த புரட்டாசிக்கும் பாத்து, சரியாப் படிச்சுச் சொல்லுவேன். நான் நம்புதது என்னன்னா, ஒருத்தர நம்பி ஏமாந்துட்டா அவியளத் திட்டணும். பேசாம இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

நன்றி சொல்லி அமரவில்லை. மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

கதவோரத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து நின்றார். என் பக்கத்திலிருந்த தலைமையாசிரியர், “இதுக்குத்தான் டீச்சர் நான் அன்னைக்கே சொன்னேன்” என்று கிசுகிசுத்தார். வெளியே போகப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் நடு வழியில் நாலு எட்டு வைத்து, என்னைப் பார்த்து நின்றார்.

“டீச்சர், அந்தப் பிள்ளைட்ட ஒண்ணு சொல்லணும்.”

“அவ அங்கனதான நிக்கா அண்ணாச்சி. நீங்களே சொல்லுங்க.”

அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “ஏன் விதைக்கலன்னு ஊருல கேட்டவியட்டயெல்லாம், நான்தான் ரெண்டு நாள் பொறுப்போம்னு இருந்துட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன். பிள்ளை சொல்லிக் கேட்டேன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அவளை யாரும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதுன்னுதான். இன்னைக்கு அவளே மைக்கைப் பிடிச்சுச் சொல்லிட்டா.”

கூடத்தில் மறுபடியும் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

“கோவத்துல பேசாம இல்ல டீச்சர். பேச ஒக்காந்தா, என்னாலதானப்பான்னு கேட்டுருவா. ஊருக்கு ஆயிரம் பொய் சொல்லிட்டேன். அவ மொகத்தைப் பாத்து இல்லன்னு சொல்ல எனக்கு வராது.”

இதை நான் அவளிடம் சொல்ல வேண்டும். மேடைப் பக்கம் திரும்பினேன், வாயைத் திறந்தேன். எனக்காக அவள் காத்திருக்கவில்லை.

“என்னாலதானப்பா?” என்றாள். மைக்கில் அது கூடம் முழுக்கக் கேட்டது.

அவர் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். கண்ணிமைக்காமல் பார்த்தார்.

“ஆமாட்டி. ஒன்னாலதான்” என்றார்.

அவள் தலையாட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அவருக்கு இப்போது பேச்சு பிடித்துக்கொண்டது. “டிராக்டர்க்காரன் வாசல்ல வந்து நின்னான். பெரிய கலெக்டர் மாதிரி, போயிட்டு அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லிட்ட. இன்னைக்கும் அவன் என்னையப் பாத்தா பல்லைக் காட்டுதான். முப்பதுன்னா என்னன்னு தெரியாட்டி, தெரிஞ்சவியட்டக் கேக்கணுமா வேண்டாமா? அவ்வளவு அவசரம் என்னட்டி ஒனக்கு?” என்று குரல் ஏறிக்கொண்டே போனது. அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் “ம்” கொட்டினாள். மைக் அணைக்கப்படாததால் அந்த ‘ம்’ எல்லாம் எல்லோருக்கும் கேட்டது. தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழப்போனார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அந்த அப்பா திட்டி முடிக்கும்வரை கூடத்தில் யாரும் குறுக்கே பேசவில்லை.